பச்சைப் பஸ்ஸுக்கு எஃப்.சி.

மெதுவா சார், மெதுவா. அந்த முழங்கைய மட்டும் கொஞ்சம் அங்கிட்டு வெச்சுக்கங்க, முன்கண்ணாடியில இடிக்குது. ஆங். இப்ப சரி. இனிமே கரூர் வரைக்கும் உங்களுக்கும் எனக்கும் ஒரு சண்டையும் இல்ல.

பொம்மையான்னு கேக்குறீங்க. கேப்பீங்க. திண்டுக்கல்லுல ஏறும்போது கண்டக்டரும் அதான் கேட்டான். எப்படிக் கேட்டான்? மூக்கால. "பெருசு… பஸ்ஸுக்குள்ள பஸ்ஸா… இதுக்கு லக்கேஜா, சீட்டா…" அவனுக்குத் தொண்டையில இருந்து ஒண்ணுமே வர்றதில்ல சார், கவனிச்சீங்களா, பூராம் மூக்குதான். நானும் அதே மூக்குல திருப்பி விட்டேன், "மடியில வர்றதுக்கு ஏது சார் டிக்கெட்டு…" பின் சீட்டுப் பொம்பளைங்க சிரிச்சாங்க. அவன் சிரிக்கல. சில பேருக்கு அது வராது.

பொம்மை இல்ல சார், கம்ப்யூட்டரு. எம்மக படிச்ச கம்ப்யூட்டரு. டிவி மாதிரி இருக்குமே, அது வீட்டுல இருக்கு. இது பக்கத்துல நிக்கிற டப்பா. சி.பி.யு.ன்னு சொல்றாங்களே, அது. கடையில வாங்குனா கறுப்பா, குட்டி பீரோ மாதிரி இருக்கும். இத எம்மச்சினன் பஸ்ஸாவே கட்டிட்டான். பூமிநாதன்னு பேரு, எஞ்சம்சாரத்தோட தம்பி. கரூர்ல பஸ் பாடி கட்டுற பட்டறையில இருபது வருசமா தகரம் வெட்டுறான். நெசப் பஸ்ஸு கட்டுன மிச்சத் தகரம், நெசப் பஸ்ஸுக்கு அடிச்ச அதே பெயிண்டு.

நானா? ராஜாங்கம் சவுண்டு சர்வீஸ், சின்னாளபட்டி. கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா, எலெக்சன், எல்லாத்துக்கும் மைக்கு நம்மளோடது, பேசுறதும் நாமதான். அஞ்சாப்பு தாண்டல சார். ஆனா கலெக்டரு மாதிரி பேசுன்னா பேசுவேன், முட்டைக்கு உக்காந்த கோழி மாதிரி பேசுன்னாலும் பேசுவேன். சில நேரம் ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கும்.

ஒரு ஒத்தாசை பண்ணுங்க சார். நீங்க யாரோ எவரோ, உங்களுக்கு இதுல ஓரவஞ்சனை கிடையாது. இந்தத் துண்ட எடுத்துடறேன். நல்லாப் பாத்து உள்ளதச் சொல்லுங்க. பாக்க எப்படி, பொழங்க எப்படி? அம்புட்டுதான்.

பச்சை கொஞ்சம் ஓவருதான். ஒத்துக்கிறேன். நடுவுல ரோஸ் கோடு வேற. ஆனா கைவேலையப் பாருங்க, ஆணி அடிச்ச வரிசையப் பாருங்க, நூல் பிடிச்ச மாதிரி. முன்னாடி பலகையில போற ஊருப் பேரு போட வேண்டிய எடத்துல என்ன போட்டிருக்கு, படிங்க. அபிராமி. எம்மக. கரண்டு குடுத்தா அந்தப் பேரு எரியும். ஆன் பண்ற பட்டன் எதுன்னு கண்டுபிடிங்க பாப்போம். தெரியலயா? ஸ்டியரிங்கு நடுவுல, ஆரன் இருக்கே, அதான். படிக்கட்டுக் கதவத் தெறந்தா பென்டிரைவ் சொருகுற ஓட்டை. பின்னாடி ஏணி, மேல கேரியரு, சன்னலுக்குச் சன்னல் நெசத் துணியில திரை. அது மச்சினன் பொண்டாட்டி அமுதா தெச்சது. அமுதவல்லி. எனக்குத் தங்கச்சி முறை. உள்ள சீட்டும் வெச்சிருக்கான். எண்ணிப் பாத்தேன், இருபத்தாறு. எல்லாம் காலி. டிரைவருக்குப் பின் சீட்டுல மட்டும் ரெட்டைச் சடை போட்டு ஒரு புள்ள உக்காந்திருக்கு, தெரியுதா? அது அபி. சின்ன வயசுல லீவு விட்டா அது கரூருக்குத்தான் ஓடும். அமுதாதான் எண்ணெய் தேச்சு ரெட்டைச் சடை போட்டு விடும். அந்தப் பொம்மைய மண்ணுல செஞ்சு பெயிண்டு அடிச்சதும் அமுதாதான்.

சரி, இத ஏன் தூக்கிக்கிட்டுப் போறேன்? அதான் விசயமே.

இன்னிக்கு வெள்ளியா? அடுத்த ஞாயித்துக்கிழமை அபிக்குக் கல்யாணம். ஒம்போது நாள் இருக்கு. ஊரு பூராம் பத்திரிகை வெச்சாச்சு, முதல்ல வெக்க வேண்டிய எடத்துக்கு இன்னும் வெக்கல. எங்க பக்கமெல்லாம் தாய்மாமன் வந்து மாலை போட்டு, கையப் புடிச்சுக் கூட்டியாந்தாத்தான் பொண்ணு மணையில உக்காரும். அபிக்கு இருக்குறது ஒரே மாமன். அந்த ஒரே மாமன் என் வீட்டு வாசப்படி மிதிச்சு ஒண்ணரை வருசம் ஆச்சு. போன் எடுக்க மாட்டான். ஆள் விட்டா, "பட்டறையில வேலை"ன்னுடுவான்.

எதுக்குக் கோவம்னு எனக்குத் தெரியல சார். சத்தியமாத் தெரியல. நான் செஞ்சதெல்லாம் எஃப்.சி. பாத்ததுதான்.

ஒண்ணரை வருசத்துக்கு முன்ன புது வீடு கட்டி பால் காச்சுனோம். பொறந்த வீட்டுச் சீரு வந்துச்சு. எங்க ஊருல சீரு வந்தா சும்மா உள்ள தூக்கிட்டுப் போக மாட்டாங்க. வாசல்ல தட்டு தட்டா வரிசை கட்டி, இன்னார் கொண்டாந்தது இன்னதுன்னு ஒவ்வொண்ணா மைக்குல சொல்லணும். அது கொண்டாந்தவங்களுக்கு ஒரு மருவாதி. மைக்கு யார் கையில? எங்கையில. குத்துவிளக்கு சொன்னேன், பட்டுச் சீல சொன்னேன், அண்டா சொன்னேன். கடைசியா இவன் வேட்டியில மூடி இதத் தூக்கியாந்து டேபிள்ல வெச்சு, பரீட்சை எழுதுன புள்ள மாதிரி தள்ளி நின்னுக்கிட்டான். அமுதா துணியத் தூக்குச்சு. கூட்டமே "ஓ"ன்னுச்சு.

இருநூறு பேரு. எல்லாரும் என் மூஞ்சியப் பாக்குறாங்க. இப்ப ராஜாங்கம் என்ன சொல்லுவான்னு. அந்த நேரத்துல, "மாமன் சீரு ஒரு கம்ப்யூட்டரு"ன்னு சப்புனு சொல்லிட்டு மைக்க வெக்க முடியுமா? நீங்களே சொல்லுங்க.

பஸ்ஸுன்னு வந்துட்டா எஃப்.சி. பாக்கணும்ல? ரோட்டுல ஓடத் தகுதியான்னு பிரேக் இன்ஸ்பெக்டரு வந்து தட்டிப் பாத்து சர்ட்டிபிகேட் குடுப்பாருல்ல. அந்தக் குரல எடுத்தேன். வெத்தலை போட்ட வாய், தொப்பையில இருந்து வர்ற சத்தம். "யாருய்யா இந்த வண்டிக்கு ஓனரு… முன்னாடி வாய்யா…" அவன் சிரிச்சுக்கிட்டேதான் முன்னாடி வந்தான். அத எழுதி வெச்சுக்கங்க. ஆரம்பத்துல அவன் சிரிச்சான்.

முதல்ல பாக்க எப்படி. "என்னய்யா பச்சை இது, கிளி வாந்தி எடுத்த மாதிரி…" சிரிப்பு. இதுக்கா கோவம் வரும்? வராது. அவனே சிரிச்சான்.

ரெண்டாவது சைசு. "ரெண்டரை அடி நீளம், இத டேபிள்ல வெச்சா புள்ள புஸ்தகத்த எங்க வெக்கும், இதுக்குத் தனியா பஸ் ஸ்டாண்டு கட்டணும்"னேன். அதுவும் உண்மைதான். டேபிள்ல பாதிய இதுதான் அடைச்சுக்குது.

மூணாவது, அவன் பேசுற விதம். அவன் வாயத் தொறந்தா "அதாவது"தான் முதல்ல வரும். "அதாவது மாமா… அதாவது வந்து… அதாவது என்னன்னா…" மூணு அதாவதுக்கு ஒரு சேதி. இன்ஸ்பெக்டரு கேள்வி கேக்க, இவன் பதில் சொல்ற மாதிரி நானே ரெண்டு குரல்லயும் பேசுனேன். அத நான் அவன் கல்யாணத்துல இருந்து பண்றேன் சார். புதுசு இல்ல.

நாலாவது காத்து. இதுதான்னு நான் நெனைக்கிறேன். கம்ப்யூட்டரு சூடாகும்ல, காத்து போக ஓட்டை வேணும்ல. நான் சுத்திச் சுத்திப் பாக்குறேன், பொத்தல் ஒண்ணையும் காணோம். "என்னய்யா, எஞ்சினுக்கு மூச்சு முட்டாதா, சித்திரையில உள்ள இட்லி அவிச்சுக்கலாம் போலயே"ன்னேன். பொழங்கறதுக்கு ஆகாதுன்னு எழுதி, கிழிச்சுப் போடுற மாதிரி நடிச்சேன். வேலைக்காரன வேலையில குத்தம் சொன்னா சுருக்குனு படும். படும்ல?

அஞ்சாவது ஒண்ணு, அது சும்மா. உள்ள எட்டிப் பாத்தேன், இந்த ஒரே ஒரு பொம்மை. உடனே கண்டக்டர் குரலுக்கு மாறிட்டேன். "இருபத்தாறு சீட்டு, ஒரே பாசஞ்சரு, அதுவும் எங்க வீட்டுப் புள்ள… ஓனரு வீட்டுல இருந்து ஒரு அரை டிக்கெட்டு கூட ஏறலயே, ஏம்மா ஓனரம்மா, பதினாலு வருசமா என்னதான் பண்றீங்க… ரைட்டு போலாம்…" சார், அதுக்கு வந்த சிரிப்பு இருக்கே. பந்தியில பரிமாறுனவன் வாளியக் கீழ வெச்சுட்டுச் சிரிச்சான். அமுதா சிரிச்சுச் சிரிச்சு முந்தானையால கண்ணத் தொடைக்குது. தொடைச்சுக்கிட்டே உள்ள போயிடுச்சு.

அப்பறம் திரும்பிப் பாக்குறேன், ரெண்டு பேரையும் காணோம். எல போட்டு தண்ணி தெளிச்சு வெச்சிருக்கு, பொறந்த வீட்டு ஆளுங்களுக்குன்னு தனியா. எம்பொண்டாட்டி பஞ்சவர்ணம் செருப்புகூடப் போடாம பஸ் ஸ்டாப் வரைக்கும் ஓடுனா. இவங்க ஏறிட்டாங்க. கை நனைக்காமப் போயிட்டாங்க சார். சீரு கொண்டாந்தவங்க.

அன்னையில இருந்து பஞ்சவர்ணம் எங்கூட நேராப் பேசுறதில்ல. செவுத்தப் பாத்துப் பேசுவா. "சோறு வெச்சிருக்கு." "கரண்டு பில்லு வந்திருக்கு." நானும் செவுரு மாதிரியே பதில் சொல்லிப் பாத்துட்டேன், மொத்தையா ஒரு குரல எடுத்து. சிரிக்க மாட்டேங்குறா. முன்னெல்லாம் சிரிப்பா. எதுக்குன்னு கேட்டா, "பேசுன வாய்க்கே தெரியணும்"கிறா. பத்திரிகை வெக்க ரெண்டு பேரும் ஜோடியாத்தான் போகணும், அதான் முறை. வர மாட்டேன்னுட்டா. வெத்தலை பாக்குத் தட்ட மட்டும் கட்டிக் குடுத்தா. இந்தா, பையில இருக்கு.

இப்பக் கேளுங்க. போன கோடையில இந்த டப்பாவுக்கு ஏதோ மாட்டணும்னு கம்ப்யூட்டர் கடைக்காரர் வீட்டுக்கு வந்தாரு. தெறந்து பாத்துட்டு அப்படியே உக்காந்துட்டாரு. "யாருங்க இதச் செஞ்சது?" ஏன் கேக்குறீங்கன்னேன். சக்கரத்தக் காட்டுறாரு. பாருங்க, சக்கரத்துக்கு மேல, மடிப்புக்குள்ள, வெளிய தெரியாது, கைய விட்டாத்தான் தெரியும். விடுங்க, ஒண்ணும் பண்ணாது. சன்னமா வலை இருக்கா? காத்து கீழ அது வழியா உள்ள போயி, மேல கேரியருக்கு அடியில வெளிய வருது. வலைய உருவி அலசிட்டு மறுபடி சொருகிக்கலாம். "எங்கடையில இருக்குற எந்தக் கேபினட்டும் இம்புட்டுக் குளுமையா ஓடாது"ன்னுட்டுப் போனாரு. ரெண்டு சித்திரை தாண்டிருச்சு சார். ஒரு நாள் நின்னதில்ல. அபி காலேஜ் முடிச்சதே இதுலதான்.

ஆக நான் சொன்னது தப்பு. ஒத்துக்கிறேன். தப்ப ஒத்துக்கிறதுல எனக்கு வெக்கம் கிடையாது. அதான் வண்டியோட போறேன். நேரா பட்டறை. அவங்கூட வேலை பாக்குறவங்க ஒரு பத்து பேராச்சும் இருப்பாங்க. எல்லாரு முன்னாடியும் இதத் தூக்கி வெச்சு, அதே பிரேக் இன்ஸ்பெக்டரு குரல்ல மறு எஃப்.சி. "யோவ் ஓனரு… போன தடவ நான் கண்ணாடி போடாம வந்துட்டேன்யா… பாக்கவும் பாஸு, பொழங்கவும் பாஸு…" அப்பறம் பத்திரிகை. அவன் சிரிச்சுடுவான்ல? நேத்துல இருந்து சொல்லிச் சொல்லிப் பாத்துக்கிட்டு வர்றேன்.

அபிகிட்ட மட்டும்தான் இந்த ரோசனையச் சொன்னேன். அது கண்ண மூடிக்கிட்டு, "அப்பா, காத்தப் பத்தி மாமாகிட்டப் பேசாதப்பா. அத்தைகிட்டப் பேசு"ங்குது. அத்தைக்கும் காத்துக்கும் என்ன சார் சம்பந்தம்?

என்ன சார், சிரிப்பக் காணோம்? வேடசந்தூர் வரைக்கும் நல்லாச் சிரிச்சுக்கிட்டு வந்தீங்க.

புள்ளைங்களா? அவங்களுக்கா? இல்ல சார். கல்யாணமாயி அப்பவே பதினாலு வருசம். மதுரை, திருச்சி, கோயம்புத்தூருன்னு பாக்காத டாக்டர் இல்ல. ரெண்டு தடவ உண்டாச்சு, தங்கல. ரெண்டாவது போனது நாங்க பால் காச்சுறதுக்கு ரெண்டு மாசம் முன்னாடிதான். எனக்குத் தெரியாம இருக்குமா? நாந்தான ஆஸ்பத்திரியில ராத்திரி பகலா நின்னேன். அதனாலதான் சார், பாவம் ரெண்டும் மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டு வந்திருக்குங்களே, கொஞ்சம் லேசாகட்டும்னு அன்னிக்குக் கூடுதலாவே பண்ணுனேன்.

ஏன் சார் அங்கிட்டுத் திரும்பிக்கிட்டீங்க? வெயிலு அடிக்குதா?

இருங்க. போன் அடிக்குது. பை எங்க… இந்தா. அமுதா. சார், அமுதா நம்பரு. ஒண்ணரை வருசத்துல முத போன். இத ஒரு நிமிசம் புடிங்க, அடியில புடிங்க.

"ஆர்.டி.ஓ. ஆபீசுல இருந்து பேசுறோம்… யாரும்மா வண்டிக்கு ஓனரு…"

அமுதா? ஹலோ. நாந்தாம்மா. அண்ணந்தான். சும்மா… ஆமா. அரவக்குறிச்சி தாண்டப் போறோம். ஆமா, கொண்டாந்திருக்கேன்.

…

சரிம்மா.

…

இல்லம்மா, நான் என்ன சொல்ல வந்தேன்னா…

…

ம்.

ம்.

வெச்சிருச்சு.

குடுங்க சார், நான் வெச்சுக்கிறேன். கை வலிக்கும் உங்களுக்கு.

அபி நேத்தே பேசியிருக்கு. மாமன் வர்றேன்னுட்டானாம். புள்ளைக்காக வர்றோம், முகூர்த்தத்துக்கு மாலையோட வந்து நிப்போம், அதுல மாத்தம் இல்லங்குது. ஆக ஜெயிச்சாச்சுல்ல? மாமன் வர்றான். புள்ள மணையில உக்காரும். அம்புட்டுதான நான் கேட்டேன்.

ஆனா மாலை போட்ட கையோட கிளம்பிடுவானாம். சாப்பிட மாட்டானாம். இப்பகூட பட்டறையில இல்லயாம் சார். நான் வர்றேன்னு தெரிஞ்சதும் வண்டிய எடுத்துட்டு எங்கிட்டோ போயிட்டானாம். "நீங்க வீட்டுக்கு வாங்கண்ணே, தட்ட நான் வாங்கிக்கிறேன்"ங்குது. கல்யாணத்துல மைக்க வேற யாருகிட்டயாச்சும் குடுத்துருங்கண்ணே, எனக்காகன்னு கேட்டுச்சு.

கட்டாயிருச்சோன்னு பாத்தேன், கட்டாகல. அப்பறம் சொல்லுது: "அன்னிக்கு நான் சிரிக்கலண்ணே."

அம்புட்டுதான். வெச்சிருச்சு.

…

தண்ணி இருக்கா சார்? இல்ல, வேணாம். பரவால்ல.

இருநூறு பேரு சார். நான் மைக்க இப்படிப் புடிச்சுக்கிட்டு அமுதா பக்கமா நீட்டுனேன். "ஏம்மா ஓனரம்மா"ன்னு. பதில் வரட்டும்னு நீட்டுவோம்ல, அப்படி. அது மைக்கையே பாத்துச்சு. சுத்தி இருந்த பொம்பளைங்க எல்லாம் அதத்தான் பாத்தாங்க. நான் சிரிப்புச் சத்தம் அடங்கட்டும்னு எண்ணிக்கிட்டு நின்னேன். தொழில் அப்படி. சத்தம் அடங்குனாத்தான் அடுத்தத எடுக்க முடியும். நல்லா எண்ணிக்கிட்டு நின்னேன் சார்.

திட்டணும்னா திட்டிருங்க.

பட்டறைக்குப் போகல. அது வேணாம். வீட்டுக்குத்தான் போகணும். அமுதா மட்டும்தான் இருக்கும். கதவத் தெறக்கும். முதல்ல நான் என்ன சொல்லணும்? தட்ட நீட்டுறதுக்கு முன்னாடி. நீட்டிட்டா வாங்கிக்கும், அதோட முடிஞ்சுரும். அதுக்கு முன்னாடி சொல்லணும்.

சொல்லிப் பாக்கட்டா? உங்கள அமுதான்னு வெச்சுக்கிறேன். கோச்சுக்காதீங்க.

"அம்மா அமுதா. நடந்தது நடந்துபோச்சு…" ச்சே, இது எங்க ஊருத் தலைவரு குரலு. எளவு வீட்டுல அவரு பேசுறது.

"தங்கச்சி, இந்த அண்ணன மன்னிக்கக்கூடாதா…" இது வேணாம். இது நாடகம். இதுக்கு நானே நூறு தடவ மைக்கு கட்டியிருக்கேன்.

"அமுதா, அதாவது…" பாருங்க சார், பாருங்க. மச்சினன் குரலு வருது. நானா எடுக்கல, அதுவா வருது.

அதோ பாலம் வந்துருச்சு. கண்டக்டரு கூப்புடுறான். நீங்க முத ஸ்டாப்புலயா? நான் ஸ்டாண்டுக்குப் போகணும். ஒரு நிமிசம் சார், எந்திரிக்காதீங்க. வண்டி நிக்கட்டும். இன்னும் ஒரே ஒரு தடவ சொல்றேன், அது யாரு குரலு மாதிரி இருக்குன்னு மட்டும் சொல்லிட்டு எறங்குங்க.

"அமுதா."